கொட்டாமல் வைத்திருந்த தண்ணீர்

அன்புள்ள மாப்ள,

வாசல் குழாய் உஸ்ஸென்று சீறுகிறது. தண்ணீருக்கு முன்னால் வரும் காற்று அது. அந்தக் காற்றில் துரு வாசனை அடிக்கும், உனக்குத் தெரியும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் சந்தோஷமாக இருக்கும். இப்போது அதைக் கேட்டதும் டிரம் மூடியைத் திறந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன். ஏன் என்று உன்னிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நீ போன பிறகு பஸ் போர்டைப் படித்துச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. வில்லாபுரத்தில் நம் வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிற சர்ச் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது, அதில் சேர்ந்துவிட்டேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறின டீயைக் குடித்துக்கொண்டே அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் இருக்கிற ருசி வேறெதிலும் இல்லை மாப்ள. அவனியாபுரம் பஸ் என்று சொல்லி என்னைச் சோழவந்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று சிரித்தாயே, இனி அந்தப் பருப்பு வேகாது. பஸ் திரும்பும்போதே வாசித்துவிடுகிறேன்.

எழுத்து வந்த சந்தோஷம் பெரிது. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு பயமும் வந்துவிட்டது.

நான் யாருடைய உதவியும் இல்லாமல் முதன்முதலில் முழுதாகப் படித்த பாடம் தண்ணீரைப் பற்றியது. கடல், சூரியன், மேகம், மலை என்று படம் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போட்டிருந்தது. வெயிலில் நீர் ஆவியாக மேலே போகிறது, மேகமாகிறது, மழையாக விழுகிறது, மண்ணுக்குள் இறங்குகிறது, மிச்சம் ஆறாக ஓடிக் கடலுக்குப் போகிறது. மறுபடியும் மேலே போகிறது. எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசி வரிக்கு வந்தேன். உலகத்தில் இருக்கிற தண்ணீர் கூடுவதில்லை, இருக்கிற தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று இருந்தது.

என் பக்கத்தில் உட்காரும் பூக்காரம்மா எழுந்து கேட்டார்: “அப்ப நான் குடிக்கிறது யாரோ குளிச்ச தண்ணியா டீச்சர்?”

“யாரோ இல்லம்மா, எல்லாரும் குளிச்சது,” என்றார் டீச்சரம்மா.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தப் படத்தில் மண்ணுக்குள் இறங்குகிற அம்புக்குறி ஞாபகம் வந்தது. எங்கள் தெருவைக் குனிந்து பார்த்தேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் சிமெண்டு. வீட்டு முற்றத்திலும் டைல்ஸ். பெய்கிற மழை நேரே சாக்கடைக்குப் போகிறது. அந்த அம்புக்குறி எங்கள் தெருவில் எதற்குள் இறங்கும்? எங்கள் வீட்டு போர்வெல் ஏன் வற்றிப் போனது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தனியாக நடுத்தெருவில் நின்று பயந்தேன்.

நாம் இரண்டு பேரும் சிம்மக்கல் டீக்கடைகளுக்குத் தண்ணீர் சுமந்த காலத்தில் இப்படியா இருந்தது? வைகை வறண்டு கிடந்தாலும் மணலைக் கையால் பறித்தால் ஊற்று வரும். கலங்கலாக ஊறி, மெல்ல மெல்லத் தெளியும். எனக்குப் பொறுமை ஏது? உடனே குடத்தைச் சாய்ப்பேன். நீ கையைத் தட்டிவிடுவாய். “பொறு மாப்ள. எங்கெங்கயோ அலைஞ்சுட்டு வருது. செத்த நேரம் உக்கார விடு,” என்பாய், வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்வதுபோல. இப்போது பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்க்கிறேன். கருவேலமும் சாக்கடையும்தான் தெரிகிறது. கையை விட்டுப் பறிக்க மணல் எங்கே இருக்கிறது?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். என் பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் பிள்ளை. வீட்டில் பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையும் இருந்தால் எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்று உனக்குச் சொல்லவேண்டாம். நல்ல வெயில் காலம் வேறு. அன்று காலை குழாய் சீறியது. என் மகள் ஓடினாள். நம் ஊர்ப் பழக்கம்தான் தெரியுமே, புதுத் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் டிரம்மில் இருக்கிற பழைய தண்ணீரைச் சாய்த்துவிட்டுக் கழுவிக் கவிழ்ப்பார்கள்.

“கொட்டாதம்மா, அது நல்ல தண்ணிதான்,” என்றேன்.

“பிள்ள இருக்க வீட்டுல பழைய தண்ணிய வச்சுக் காச்சச் சொல்றீகளா? நாலு எழுத்து படிச்சதும் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டீகப்பா,” என்று சொல்லிக்கொண்டே டிரம்மைச் சாய்த்தாள். குடங்களையும் கவிழ்த்தாள். அடுத்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் அதே சத்தம். தெருச் சாக்கடையில் தண்ணீர் சலசலவென்று ஓடியது.

குழாயில் காற்று மட்டும்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

எங்கேயோ பெரிய குழாய் உடைந்துவிட்டது என்றார்கள். அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. லாரிக்காரன் போனை எடுக்கவில்லை. கேன் தண்ணீர்க் கடை வாசலில் வெறும் கேன்களை வரிசையாகப் போட்டுக்கொண்டு ஜனம் நின்றது. வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் மிச்சம். துவைக்காத குழந்தைத் துணிகள் குவிந்து நாறின. பேத்தி தாகத்தை வெளியே சொல்லாமல் படுத்திருந்தாள். பிள்ளை பால் போதாமல் அழுதது. என் மகள் அந்தக் காலி டிரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் எத்தனையோ பஞ்சம் பார்த்தவன்தான் மாப்ள. ஆனாலும் அந்தப் பிள்ளையின் அழுகை மாதிரி எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் உன் வீட்டுக்குப் போனேன். உன்னை அடக்கம் செய்த பிறகு, வாசலில் நின்று விசாரித்ததோடு சரி, நான் உள்ளே போனதே இல்லை. கதவைத் தட்டக் கை வரவில்லை. தங்கச்சி, உன் வீட்டுக்காரி, அவளும் கொட்டியிருந்தால்? கொட்டாமல் வைத்திருந்தாலும், தனியாக இருக்கிற பொம்பளையிடம் போய்த் தண்ணீர் கேட்பதா?

அவளே கதவைத் திறந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு குடத்தைப் பார்த்தாள். “உள்ள வாங்கண்ணே,” என்றாள்.

நீ வைத்த இரண்டு டிரம்களும் அதே இடத்தில் இருந்தன. ஒன்றில் இருப்பது தீரும்வரை மற்றதைத் தொடக்கூடாது, எதையும் கொட்டவும் கூடாது என்பது நீ போட்ட சட்டம். தெருவே உன்னைக் கஞ்சப் பாய் என்று கேலி செய்ததும், நீ “தண்ணிக்கு ஏது வயசு?” என்று திருப்பிக் கேட்டதும் எனக்கு மறக்கவில்லை. அவள் வெள்ளைத் துணி கட்டியிருந்த மூடியைத் தூக்கினாள். முக்கால்வாசித் தண்ணீர், அடி வரைக்கும் தெரிந்தது.

“உனக்கு வேணாமா தங்கச்சி?”

“ஒத்த ஆளுக்கு எம்புட்டுண்ணே வேணும்? அல்லா குடுத்ததுதான, மோந்துக்கங்க. பிள்ள அழுகுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.” பிறகு கொஞ்சம் சிரித்தாள். “அவரு இருந்தா உங்கள விட்டிருக்க மாட்டாரு. ‘படிச்ச மனுசன் வீட்டுல தண்ணி இல்லையா?’ன்னு கேட்டே கொன்னுருப்பாரு.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குடத்தை நிரப்பினேன். தோளில் வைத்து நடந்தபோது, அந்தக் காலத்தில் ஒரு நடைக்கு இரண்டு குடம் சுமந்தவன், ஒரு சொட்டு தளும்பினாலும் நின்று நின்று போனேன். கால் இடறிவிடுமோ, யாராவது மோதிவிடுவார்களோ என்று தெரு முழுக்கப் பயம்.

என் மகள் குடத்தை வாங்கினாள். “இது எந்நாளு பிடிச்ச தண்ணிப்பா?”

“ஒலகம் உண்டான அன்னைக்குப் பிடிச்சதும்மா,” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். அடுப்பைப் பற்ற வைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற்றி, முதலில் பேத்திக்குக் கொடுத்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அவள் வயிறு நிறைந்த பிறகு பிள்ளையும் பால் குடித்துத் தூங்கியது.

அடுத்த நாள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டிலும் இரண்டு டிரம். முற்றத்து டைல்ஸில் ஒரு பகுதியைப் பெயர்த்துக் குழி தோண்டி, ஜல்லியும் மணலும் போட்டு, மாடியிலிருந்து வரும் மழைக்குழாயை அதற்குள் திருப்பியிருக்கிறோம். ஒரே ஒரு மழை பெய்தது. குழி நிறைவதற்குள் மழை விட்டுவிட்டது. அது எம்மாத்திரம் மாப்ள? தெருவில் மற்ற வீடுகளில் இன்னும் சிமெண்டுதான்.

நீ இருந்தால் தோளில் தட்டி, “பயப்படாத மாப்ள” என்பாய். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வேண்டாம். இந்தப் பயம் என்னிடம் இருக்கட்டும். இது போய்விட்டால் கை தானாகக் கொட்டிவிடும்.