இருபத்திரண்டாம் பக்கத்துக் கையெழுத்து

ஞாயிறு, மத்தியானம்

என் அன்பான கோபக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் மகளும் நலம். உறையைப் பிரித்ததும் பதறாதே. உயிருக்கு அவசரம் என்றால் போன் செய்திருப்பேன். இது போனில் சொல்ல வராத விஷயம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நீ கத்துவாய், நாலாவதில் நான் கத்துவேன், உன் முதுகுக்குப் பின்னால் அந்தச் சலவை மெஷின் நம் இருவரையும் தாண்டிக் கத்தும். காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. பதினெட்டு மாதமாக எனக்குக் கிடைக்காத வசதி இது.

முதலில் வீட்டுச் சேதி. குளியலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டேன். உன் பச்சைச் செடி பிழைத்துக்கொண்டது, அதன் பக்கத்தில் இருந்தது போய்விட்டது. நம் கட்டடத்து லிஃப்ட் மூன்று வாரமாக நிற்கிறது. ஊரில் உள்ள லிஃப்ட்டை எல்லாம் ரிப்பேர் செய்கிறவன் நாலு மாடி நடந்து ஏறுகிறான் என்று கீழ்வீட்டுத் தையல்காரர் தினமும் சிரிக்கிறார். அது வேறு கம்பெனியின் லிஃப்ட். நான் கை வைத்தால் என் வேலை போய்விடும். வாசலில் நின்று அதன் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன், அவ்வளவுதான்.

கொசுவும் நடந்துதான் ஏறுகிறாள். (கல்லூரிக்குப் போகிற பெண்ணை இன்னும் கொசு என்கிறாயே என்று தையல்காரர் கேட்கிறார். பிறந்தபோது அந்த எடைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு நீ வைத்த பெயர், அதை மாற்ற நான் யார்?) இரண்டாவது மாடியில் நின்று நோட்டீஸ் பலகையைப் படிக்கிறாள். அந்தப் பலகையில் ஒரு வருஷமாக ஒரே நோட்டீஸ்தான் இருக்கிறது. நானும் கூடவே நின்று படிக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், வரிசையாக எழுதினால்தான் எனக்கு வரும்.

ஈரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாய்கள் அங்கங்கே வீங்கி, தழும்பாகி, சுருங்குகிற வியாதி அவளுக்கு. வயசுப் பிள்ளைகளுக்கு வருவது அபூர்வம், நிச்சயமாகக் குணமாக்கும் என்று சொல்லக்கூடிய மருந்து எதுவும் கையில் இல்லை என்று டாக்டரம்மா நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நீ அந்தச் சலவைக்கூட வேலைக்கு வெளிநாடு கிளம்பிப் போனபிறகு இந்த ஆராய்ச்சி வந்தது. புது மருந்து, முப்பத்தாறு பிள்ளைகள், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது.

நீ அன்றைக்குச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "முதல்ல நாலு பேருக்குக் குடுத்துப் பாக்கட்டும். அஞ்சாவது ஆளா நம்ம பொண்ணு போகட்டும்" என்றாய். "இந்த வியாதிக்கு அந்த நாலு பேர் கிடைக்கிறதே கஷ்டம்டி" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். மறுநாள் காலை நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது, ஒரு பெற்றோர் கையெழுத்து போதும் என்றார்கள். போதும் என்றதும் நான் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து நீ அவளோடு தினமும் பேசுகிறாய், என்னோடு மின்கட்டணம் பற்றி மட்டும் பேசுகிறாய்.

போன புதன்கிழமை எங்களைக் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சி முடிந்து யாருக்கு எது என்ற பட்டியலைத் திறந்துவிட்டார்கள். ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ், காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பாரே, கொசு பென்சிலக்கா என்று சொல்வாளே, அவர்தான் உள்ளே கூட்டிப்போனார். சின்ன அறை. மேஜைமேல் பிரிக்காத டிஷ்யூ பெட்டி. கொசு என் காதில், "பெட்டி புதுசுப்பா. நமக்காக வாங்கினது போல இருக்கு" என்றாள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "உனக்கு வந்தது வெறும் மாத்திரைம்மா" என்றார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒருநாள் அவள் மாத்திரை போட மறந்துவிட்டாள். அதற்காக நான் வீடே அதிரக் கத்தினேன். நீ அன்று போனில் ஏன் அவள் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். அன்றைக்கு நான் கத்தியது வெறும் மாவு மாத்திரைக்காக. உள்ளங்கால் அரிப்பு குறைந்ததும் மருந்து பிடித்துக்கொண்டது என்று தையல் கடையில் எல்லோரிடமும் சொன்னேன். சீப்பை வைத்துப் பாதத்தைச் சொறிகிற சத்தம் இல்லாமல் ஒரு மாதம் தூங்கினேன். அரிப்பு இந்த வியாதியில் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும் என்றார் டாக்டரம்மா.

மருந்து கிடைத்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தச் சோதனையில் ஈரல் அளவு நன்றாக இறங்கியிருக்கிறதாம். இரண்டு பேருக்கு ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியிருக்கிறார்கள். இதைக் குணம் என்று நான் சொல்ல மாட்டேன், இன்னும் பல வருஷம் பார்க்கணும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். நம்மவளுக்கு இடது பக்கக் குழாய் ஸ்கேனில் முன்னைவிடச் சுருங்கியிருக்கிறது.

கொசு அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "அப்ப நான் ஒன்றரை வருஷம் சும்மாவா வந்துட்டுப் போனேன்?" என்று கேட்டாள். டாக்டரம்மா ஒரு தாளை இழுத்து இரண்டு கோடு போட்டார். ஒன்று கீழே இறங்கியது, ஒன்று நேராகப் போய்க் கொஞ்சம் ஏறியது. "மேல இருக்கிற இந்தக் கோடு நீங்க பதினெட்டுப் பேர். நீங்க இல்லேன்னா, கீழ இருக்கிறது மருந்தால இறங்கிச்சா, தானா இறங்கிச்சான்னு உலகத்துல யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, "அதுக்காக உனக்கு வருத்தப்படாம இருக்கணும்னு நான் சொல்லல" என்றார். அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

பஸ்ஸில் பாதி வழிவரை அவள் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒரு கோடுப்பா" என்று சிரித்தாள். நான் கவனிக்காமல், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டோம்.

இப்போது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு விருப்பம் இருந்தால் உண்மை மருந்தைத் தருகிறார்கள். இதுவும் ஆராய்ச்சியின் இரண்டாம் பகுதிதான். போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. என் கையெழுத்து இனிச் செல்லாது. செவ்வாய்க்கிழமை அவளே போய்ப் போட வேண்டும். அது முடிந்ததும் இதைத் தபாலில் சேர்க்கலாம் என்றிருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நாலு தடவை பேனாவை எடுத்து வைத்துவிட்டேன். நாளை எழுதுகிறேன்.


திங்கள்

பிப்ரவரியில் அவள் கல்லூரியோடு வெளியூர் போயிருக்கிறாள், அங்கே சிக்னல் இல்லை என்று ஐந்து நாள் சொன்னேன் அல்லவா? அவள் எங்கும் போகவில்லை. குளிர் ஜுரம் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. கண் எலுமிச்சை நிறத்துக்குப் போய்விட்டது. அடைத்துக்கொண்ட குழாயில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார்கள். வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன் முனையில் இருக்கிற சின்ன பலூனை ஊதி, சுருங்கின இடத்தை விரித்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து மூடும்போதெல்லாம் கதவின் மேல் உருளையில் எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் நினைக்க விட்டால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

"அம்மாகிட்ட சொல்லாதப்பா. சொன்னா உன்னோட மொத்தமா பேச மாட்டாங்க" என்று அவள்தான் சொன்னாள். அவள் மேல் பழியைப் போடவில்லை. அவள் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். "மருந்து வேலை செய்யுதுன்னா இது எப்படி வந்துச்சு?" என்று நீ கேட்பாய், எனக்குப் பதில் தெரியாது. அவ்வளவுதான் காரணம்.

இப்போது பதில் தெரியும். நீ பயந்த விஷம் அவள் உடம்புக்குள் போகவே இல்லை. அதைச் சொல்லி உன்னிடம் ஜெயிக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், குலுக்கலில் உண்மை மருந்து அவளுக்கு விழுந்திருந்தால் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்க மாட்டேனோ என்று தோன்றியது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அது யாருக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இந்த ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது" என்றார். சரியான பதில்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

தினமும் காலையில் அவள் பல் தேய்க்கும்போது ஜன்னல் பக்கம் எதையாவது தேடுகிற மாதிரி போய் நிற்கிறேன். வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்க்கத்தான். இன்று காலை, "வெள்ளையாத்தான் இருக்கு, போப்பா" என்றாள்.


புதன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்குப் போய்விட்டோம். பென்சிலக்கா ஒவ்வொரு பக்கமாக விளக்கினார். இருபத்திரண்டு பக்கம். நான் அன்றைக்கு அதில் எத்தனை படித்தேன் என்று கேட்காதே. கொசு முழுவதையும் வீட்டிலேயே படித்து, அடிக்கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஈரல் கெட்டால் எப்போது தெரியும், பாதியில் நிறுத்தினால் மறுபடி பார்ப்பீர்களா, என் ரத்தத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், இப்படி ஒரு மணி நேரம் கேட்டாள். பென்சிலக்கா இரண்டு கேள்விக்குப் பதில் தெரியாமல் டாக்டரம்மாவிடம் ஓடினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கடைசிப் பக்கம் வந்தது. பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். மறுபடி மூடி மேஜையில் வைத்துவிட்டாள்.

"எனக்குக் கொஞ்சம் நாள் வேணும்க்கா. அம்மாகிட்ட கேக்கணும்."

பென்சிலக்கா, "உனக்குப் பதினெட்டு ஆயிடுச்சேம்மா, நீ மட்டும் போட்டா போதும்" என்றார், அன்பாகத்தான்.

"போதும்னு எனக்குத் தெரியும்க்கா. போன தடவையும் போதும்னுதான் அப்பா போட்டார். அம்மா ஒன்றரை வருஷமா அந்த ரூமுக்கு வெளியவே நிக்கிறாங்க. இந்தத் தடவை உள்ள கூட்டிட்டு வந்துட்டுப் போடுறேன்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லதாகப் போயிற்று. முப்பது வருஷ அனுபவத்தில் எத்தனையோ பேரை நடு மாடியில் சிக்கிய லிஃப்ட் பெட்டியிலிருந்து இறக்கியிருக்கிறேன். உள்ளே இருப்பவர் எப்படி மூச்சு விடுவார் என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

மாத முடிவுவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். உடனே போன் செய்து கேட்டுவிடேன் என்றேன். "வேணாம். அம்மா முதல்ல படிக்கட்டும். படிக்காம சொல்ற சரியும் வேணாம், படிக்காம சொல்ற வேணாமும் வேணாம்" என்றாள். அதனால் இந்த உறை இவ்வளவு கனமாக இருக்கிறது. உள்ளே இருப்பது அவளுடைய பிரதி. அடிக்கோடு எல்லாம் அவளுடையது. ஓரங்களில் பென்சிலால் உனக்கு என்னென்னவோ எழுதியிருக்கிறாள். நான் படிக்கவில்லை. பதினோராம் பக்கத்தில் ஒரு படம் வரைந்திருப்பது மட்டும் உறையில் போடும்போது கண்ணில் பட்டது.

போய்ச் சேர எட்டு நாள் ஆகும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். வருகிற ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறு, உன் ஓய்வு நேரத்தில் அவள் கூப்பிடுவாள். அதற்குள் படித்துவிடு. புரியாததைக் குறித்து வை. டாக்டரம்மா உன்னோடு நேராகப் பேசத் தயார், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கச் சொல்லுங்கள் என்றார். அவர் நம்பரைக் கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

நான் அந்தப் போனில் குறுக்கே வர மாட்டேன். கீழே போய்த் தையல்காரர் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ சரி என்றாலும் எனக்குச் சரி, வேண்டாம் என்றாலும் சரி. இதை எழுத எனக்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என்மேல் இருக்கிற கோபத்தில் அவளுக்குப் பதில் சொல்லிவிடாதே. அந்தக் கோபம் எனக்கு உரியது, அதில் ஒரு சொட்டுக்கூட அவளுக்குப் போக வேண்டாம். போனிலும் அனுப்ப வேண்டாம், கடிதத்திலும் அனுப்ப வேண்டாம். லீவு கிடைக்கும்போது நீயே கையோடு கொண்டு வா. நாலு மாடியும் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன். ஒவ்வொரு படிக்கும் ஒன்றாகத் திட்டிக்கொண்டே ஏறு.

உன்,
வீட்டுக்காரன்