உறுதிமொழிக்கு வேறு ஆள்

சென்னை, 8-1-73

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

"படிச்ச புள்ள சொன்னாதான் பயலுவ கேப்பானுவ. சங்கக் கொடியேத்தத்தன்னிக்கு, குடிக்க மாட்டோம்னு நீயே உறுதிமொழி சொல்லிக் குடு" என்று எழுதியிருந்தீர்கள்.

அப்பா, விடுதியில் தமிழ் படிக்கும் இளையபெருமாள் பீடிகூடப் பிடிப்பதில்லை. மருத்துவம் படிக்கும் எங்களுக்குத்தான் பிணம் அறுத்த நாற்றம் மறக்க முதலில் சிகரெட், பிறகு பிராந்தி. போன சனிக்கிழமை அவன்தான் என்னைத் தூக்கி வந்து படுக்கவைத்தான். இப்போது உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

கையில் நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் வெட்டிவேர் அனுப்புங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. கொடியேற்றத்துக்குக் கட்டாயம் வருவேன். உறுதிமொழியை நம் சங்கத்துத் தங்கையன் அண்ணன் சொல்லட்டும். நான் வரிசையில் நின்று திருப்பிச் சொல்கிறேன்.

உங்கள் மகன்,
பக்கிரிசாமி