பிள்ளை சாப்பிடாத மாதங்கள்

பூண்டுலோயா
வியாழக்கிழமை

அன்புள்ள வினோதாவுக்கு,

குவைத்தில் நீ நலமாயிருக்க முருகன் துணை. நிஷாந்தி லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறாள். இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லப் பல தடவை பார்த்தேன், வாய் வரவில்லை.

நம் மகள் சுலக்ஷனாவுக்குச் சுகமில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகே சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பாள். நல்ல வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. ஓ.எல். பரீட்சைக் கவலை என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒருநாள் ரொட்டியைப் புத்தகப் பைக்குள் ஒளிப்பதைக் கண்டேன். "என்னா திமிரு இது" என்று கத்தி, அவள் தாடையைப் பிடித்து வாயில் திணித்தேன். "வேணும்னு செய்யலப்பா, முழுங்கவே பயமா இருக்கு" என்று அழுதாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை, வினோதா.

மறுகிழமை வகுப்பில் மயங்கி விழுந்தாள். நாடித் துடிப்பு மிகக் குறைவு என்று ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். மாதவிலக்கு நின்றுபோயிருந்ததை அங்கேதான் அறிந்தேன். அப்பனிடம் அதை எப்படிச் சொல்வாள்? அந்தப் பதினாலு நாளும் நீ போன் எடுத்தபோதெல்லாம் டியூஷனுக்குப் போயிருக்கிறாள் என்றேனே, அது பொய். மன்னித்துவிடு.

மனநல டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, "இது அடம் இல்லீங்க, வருத்தம், ஒரு நோய். பிள்ளைய ஏசாதீங்க, தனியா சாப்பிட விடாதீங்க" என்றார்.

இப்போது வேளைக்கு வேளை அவளோடு உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் கேட்டு மத்தியானமும் தேயிலை மலையிலிருந்து வந்துபோகிறேன். ஒரு தட்டு முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. சில நாள் அழுகிறாள். சில நாள் என்னை எதிரியைப்போல் பார்க்கிறாள். கிழமைக்கு ஒரு தடவை கிளினிக். தேற மாதக்கணக்காகலாமாம்.

அவளுக்குத் தீபாவளிச் சட்டை பத்தவில்லை என்று வீடியோ காலில் நீ சிரித்ததை நினைத்துக் குழம்பாதே. ஒரு பேச்சால் மட்டும் வருகிற வருத்தமில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் இனி அவளிடம் மெலிந்துவிட்டாய், தேறிவிட்டாய் என்று எதுவும் சொல்லாதே. அவள் சிநேகிதிகளைப் பற்றிக் கேள், வரைகிற படங்களைக் கேள்.

உன் மேடத்திடம் லீவு கேட்டுப் பார். போனில் கேட்டால் நான் சமாளிக்கிறேன் என்றுதான் சொல்வேன். பக்கத்தில் பிள்ளை இருப்பாள். நான் சொல்வதை நம்பாதே.

உன்னைப் பத்திரமாக வீட்டில் சேர்க்க அந்த முருகனைக் கும்பிடும்,
பிரதாப்