ஏழாம் நம்பர் பஞ்ச்

மேலகரம்
5.10.2025

முத்துச்செல்வம் அவர்களுக்கு,

ஜெயசித்ரா எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கமாட்டேன். இரண்டு நாளாகக் கடைச் சாப்பாடுதான் என்று மீரான் பாய் சொன்னார். வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் அவர் ஆட்டோவில் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு வயிறு எரிகிறது. ஆயுத பூஜை அன்று பட்டறையில் எல்லாருடைய சாமான்களோடு இரும்பில் ஏழு என்று பதிக்கிற என் பஞ்சுக்கும் சந்தனம், குங்குமம் இட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் தங்கை பிள்ளையின் காதுகுத்துக்குக் குற்றாலம் போனேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பினேன். தொட்டது யார்? என் புருஷன்! கேரளா போகிற லாரி நிற்கிறது என்று, நான் சோதித்துப் பார்க்காத அறுபத்திரண்டு பிரேக் லிவரில் என் ஏழாம் நம்பரை அடித்திருக்கிறீர்கள். அறுபது போய்விட்டது. ஏற்றாமல் கிடந்த இரண்டை வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தால், ஏழின் பள்ளத்தில் குங்குமம்.

ரயில் பெட்டிக்குப் போகிற சாமான் அது. பழுத்த இரும்பை இரண்டு டை அச்சுக்கு நடுவில் வைத்து ஹாமர் மிஷின் அடிக்கும்போது, எங்காவது இரும்பு மடிந்து உள்ளே அமுங்கிவிட்டால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான், குறையில்லை என்பதற்கு அடையாளமாக நான் ஏழு அடிப்பேன். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

"இத நான் பாக்கல சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன். "நம்பர் ஒங்களதுதானம்மா" என்று எனக்கே மெமோ கொடுத்துவிட்டார். பதில் கொடுக்கும்வரை வேலைக்கு வரக்கூடாதாம். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பேசாம நீயே ஒத்துக்கோட்டி. ஒனக்கு வார்னிங்கோட போயிரும், எனக்குன்னா வேலையே போயிரும்." நல்லா இருக்கு உங்கள் நியாயம்!

ஜெயசித்ரா


குத்துக்கல்வலசை
6.10.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை மேனேஜரிடம் கொண்டுபோனது நீ. ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போனதும் நீ. இதில் கோபம் வேறு உனக்கா? நான் என்ன திருடவா செய்தேன்?

மூன்று மணிக்கு டிரைவர் வந்து நின்று கத்துகிறான்: "அண்ணாச்சி, இருட்டுக்கு முன்னால புளியறை செக்போஸ்ட் தாண்டணும். ஏத்துதீயளா, காலி வண்டியோட போகட்டா?" ஷிப்டு சூப்பர்வைசர் நான். பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே! அந்த அறுபத்திரண்டும் என் கண் முன்னால் அடித்த உருப்படிகள். பதினெட்டு வருஷம் ஹாமர் பக்கத்தில் நின்றவனுக்கு நல்லது கெட்டது தெரியாதா?

ஊரில் நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? "மறதியாக அடித்துவிட்டேன்" என்று ஒரு வரி எழுதிக்கொடு, முடிந்தது. நீ கொடியில் விட்டுப்போன சேலைகள் மழையில் நனைந்தன. எடுத்து உள்ளே காயப்போட்டிருக்கிறேன்.

உன்
முத்துச்செல்வம்


மேலகரம்
7.10.2025

முத்துச்செல்வம் அவர்களுக்கு,

நீங்கள் தலை நிமிர நான் குனிய வேண்டுமாக்கும்? பதினோரு வருஷத்தில் என் பெயரில் ஒரு குறை வந்ததில்லை. அதை உங்களுக்காக ஒரே வரியில் அழித்துக்கொடுக்க வேண்டுமா?

கண்ணே போதும் என்றால் எனக்கு எதற்கு இருட்டறை? எதற்குச் சம்பளம்? போன சித்திரையில் "அருமையா வந்திருக்கு பாரு" என்று ஒரு உருப்படியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தீர்களே. விளக்கில் வைத்தால் விரல் நீளத்துக்கு மடிப்புக் கோடு! அன்றைக்கு உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

சேலைகளை மடிக்க வேண்டாம். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஜெயசித்ரா


குத்துக்கல்வலசை
10.10.2025

என் அன்புச் சித்ராவுக்கு,

ஜெயித்துவிட்டேன்! மேனேஜர் திருப்பி அனுப்பச் சொன்ன அந்த அறுபதும் வந்துவிட்டது. இங்கே கிடந்த இரண்டையும் சேர்த்து, மேனேஜர் முன்னாலேயே உன்கூட வேலை பார்க்கும் ஸ்வர்ணா அத்தனையையும் விளக்கில் பார்த்துவிட்டாள். ஒன்றில்கூட மடிப்பு இல்லை. சொன்னேனா இல்லையா?

இனி உனக்கு என்ன வருத்தம்? திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மெமோவுக்குப் பதில் கொடுக்க வேண்டுமாமே. நான் சொன்ன அந்த ஒரு வரியைக் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வா. பார்டர் கடைப் புரோட்டா வாங்கி வைக்கிறேன்.

உன்
முத்துச்செல்வம்


மேலகரம்
11.10.2025

அத்தானுக்கு,

அறுபத்திரண்டும் நல்லபடியாக இருந்ததில் உங்களைவிட எனக்குத்தான் நிம்மதி. அந்த ரயிலில் ஏறப்போகிறவர்களை நினைத்து ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அது உங்கள் அதிர்ஷ்டம். அதைப் போய் ஜெயித்தேன் என்கிறீர்களே!

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "நான் செய்தது தப்பு" என்று ஒரு ஓரத்திலாவது இருக்கிறதா என்று தேடினேன். புரோட்டாதான் இருந்தது.

மெமோவுக்குப் பதில் எழுதிவிட்டேன். "ஏழாம் நம்பரை அடித்தது நான் இல்லை. அடித்தவர் என் கணவர்." அவ்வளவுதான். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கொடுப்பேன். அதற்குள் நீங்களே போய்ச் சொன்னால் இதைக் கிழித்துவிடுவேன். சொல்லாவிட்டால், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். என்னைக் கூப்பிட வர வேண்டாம்.

ஜெயசித்ரா


குத்துக்கல்வலசை
13.10.2025

சித்ரா,

எட்டே காலுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். உன் மேல் அத்தனை ஆத்திரத்தோடுதான் போனேன். கட்டினவள் காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லித் தொலைக்கிறேன் என்றுதான் போனேன்.

சூப்பர்வைசர் வேலை போயிற்று. நாளை முதல் ஹாமரில் நிற்க வேண்டும். சரி என்று எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டார். "ஒங்க வீட்டம்மாட்ட யாரு அடிச்சதுன்னு போன்ல மூணு தடவ கேட்டாச்சு. 'அடிச்சவரே வந்து சொல்லுவாரு சார். அவரு அப்படிப்பட்ட மனுசந்தான், திங்கக்கிழம வரைக்கும் பொறுங்க'ன்னுட்டாங்க" என்றார்.

நான் உன்னைக் குனியச் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில் நீ எனக்காக இப்படிப் பேசியிருக்கிறாய். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

நான் செய்தது தப்பு. பஞ்சை எடுத்தது தப்பு. பழியை உன்னை ஏற்கச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

உன் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். நாளைக்கு நீ வேலைக்குப் போகலாம். வீட்டுக்கு வா என்று கூப்பிட இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. கம்பெனி கேட்டில் என்னைப் பார்த்தால், நீயாகப் பேசும்வரை நான் பேசமாட்டேன்.

முத்துச்செல்வம்