இரண்டு குறி போட்ட பசு

உ

நெடுந்தீவு கிழக்கு
20-8-89

அன்பு மகள் சறோஜினிதேவிக்கு அப்பா எழுதிக்கொள்வது,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே ஜேர்மனியில் நீயும் மருமகனும் என் பேத்தியும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். உன் ஆனி மாதக் கடிதம் போன கிழமைதான் வந்தது, கடல் ஓட்டம் ஒழுங்கில்லை, தபால் பை குறிகட்டுவான் துறையிலேயே கிடந்ததாம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் நல்ல தண்ணீருக்கு நடக்காதே என்றால் கேட்கிறாள் இல்லை, நான் அள்ளி வரும் தண்ணீர் உப்புக் கரிக்கிறதாம், அதே கிணறு, அதே வாளி, என்ன செய்வது. இந்தக் கோடை பொல்லாத கோடை, மேய்ச்சல் வெளியில் புல் கருகித் தீவுக் குதிரைகள்கூடக் கேணிக்கரையை விட்டு அசைவதில்லை.

உன் கடிதத்தில் பேத்தி ஓடித் திரிவதும் இருந்தது, மருமகனின் புது வேலையும் இருந்தது, அண்ணன் குலசிங்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அவனுடைய கடிதத்திலும் உன் பெயர் இல்லை. மருமகன் எழுதித்தான் விசயம் அறிந்தோம், அதற்காக அவரோடு கோபிக்காதே. பேத்தியின் காதுகுத்துக்கு நீ அண்ணனைத்தான் அழைத்தாய், தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவதுதானே எங்கள் வழக்கம். பனியில் பஸ் நின்று அவன் பிந்திவிட்டான், மண்டபத்தை விட வேண்டிய நேரம் வந்துவிட்டதென்று நீ மருமகனின் சிநேகிதர் மடியில் வைத்துக் குத்துவித்துவிட்டாய். அவன் வந்து பார்த்து, கொண்டுவந்த தோட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். மாசியில் நடந்தது இது. ஒரே ஊரில் இருந்துகொண்டு இன்னும் முகம் பார்க்கவில்லையாம். எனக்கென்றால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதாகப் படுகிறது, அதுதான் கரைச்சல். ஒருவரில் மட்டும் பிழையென்றால் ஓர் அதட்டில் முடித்திருப்பேன்.

உன் அப்பப்பா தம்பிஐயாவும் இப்படி ஒரு வேலை பார்த்தவர்தான், சொல்கிறேன் கேள். மாரி விதைப்புக்கு முன் எல்லாருடைய மாடுகளையும் மேய்ச்சல் வெளிக்குச் சாய்த்துவிடுவதும், அதற்கு முன் கன்றுகளுக்கு அந்தந்த வீட்டுக் குறியைச் சுடுவதும் நீ கண்டதுதானே, குறி இல்லாத கன்று பிடித்தவனுக்குப் போய்விடும். எங்கள் குறி வளையம். கல்வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய தங்கை செல்லாச்சி மாமி வீட்டுக் குறி வேல். ஒரு வருடம் மாமியின் பசு செத்துப்போக, அதன் பெட்டை நாகு கன்று எங்கள் பசுவில் பால் குடித்து அதன் பின்னாலேயே திரிந்தது. குறி சுட்ட அன்று அப்பப்பா பசுவைப் பார்த்தாரே தவிரக் கன்றைப் பார்க்கவில்லை, எங்கள் குறி சுடும் கோலை வைத்துவிட்டார். மாமி படலையில் வந்து நின்று, என்ரை கண்டுக்குட்டியிலை உங்கடை குறியோ அண்ணை என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம். அப்பப்பா கன்றைக் கொண்டுபோய்க் கட்ட, மாமி அவிழ்த்துத் துரத்த, அது இரண்டு படலைக்கும் நடுவில் ஒழுங்கையில் நின்று கத்தும். பெரியவர்கள் வந்து கதைத்தும் சரிவரவில்லை. அப்பம்மா சீதேவி, மச்சாளோடு கதைக்க முடியாமல் வேலியடியில் நின்று அழுவாராம்.

பிழை என்னில்தான் என்ற சொல் அப்பப்பாவின் வாயில் லேசில் வராது. ஒரு நாள் காலையில் கன்றை இழுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய், சுட்டதை அழிக்க ஏலாது பிள்ளை, உன்ரை கோலைக் காய்ச்சி என்ரை குறிக்குப் பக்கத்திலை நீயே வை என்று சொன்னாராம். மாமி கோலைக் காய்ச்சி எடுத்தும் வைக்க ஏலாமல் அழ, அப்பம்மா வேலியால் ஏறிக் குதித்துப் போய் மாமியின் கையைப் பிடித்து வைப்பித்தார். மனிதரின் ரோசத்துக்கு அந்தக் கன்று இரண்டு சூடு பட்டது, பாவம். அதற்குப் பிறகு காலைப் பால் அந்த வீட்டுக்கு, பின்னேரப் பால் இந்த வீட்டுக்கு. அதன் வழியில் வந்த கன்றுகளுக்கெல்லாம் இரண்டு குறிதான்.

அந்த வழியில் மிஞ்சிய பசு இப்போது ஒரு நாகு கன்று போட்டிருக்கிறது. மாமி வீட்டார் ஊரில் இல்லை, இரண்டு கோலும் எங்கள் குசினி மூலையில்தான் கிடக்கின்றன. வளையம் அண்ணனுக்கு, வேல் உனக்கு என்று சுடுவோம் என்றேன், பிள்ளையள் முதல் கதைக்கட்டும், அதுவரைக்கும் கோலைத் தொடாதேங்கோ என்கிறாள் அம்மா. குறியில்லாமல் வெளிக்கு விட ஏலாது, ஆகவே கன்று கயிற்றில் நிற்கிறது, இந்த வயதில் நான் அதற்குக் குழை வெட்டிப் போடுகிறேன், அதையும் கொஞ்சம் யோசித்துப் பார். எங்கள் காலத்துக்குப் பிறகு உனக்கு அவன், அவனுக்கு நீ, வேறு யார் இருக்கிறார்கள்.

அண்ணன் வைத்துவிட்டுப் போன தோட்டை நீ இன்னும் பேத்திக்குப் போடவில்லையாம். குத்தின காதைத் திரும்பக் குத்த ஏலாதுதான், ஆனால் தோட்டை மாற்றலாம். பிள்ளையையும் தோட்டையும் கொண்டுபோய் அவன் மடியில் வை, அவனே மாட்டிவிடட்டும்.

குளிர் தொடங்க முன் பேத்திக்குக் காதை மூடும் தொப்பி வாங்கு, மருமகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க அந்தப் பிள்ளையார் துணை நிற்கட்டும். மறக்காதே, மாதம் தவறாமல் அண்ணனுக்குப் போடும் கடிதத்தை இந்த முறை நான் போடவில்லை. அவன் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பான். உங்கள் இருவருக்கும் இந்தக் கடிதம் ஒன்றுதான், நீதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அப்பா
த. ஆழ்வாப்பிள்ளை