மூலை நாற்காலி

என்னங்க,

முதுகுவலி தேவலையா? குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? ஜலதோஷத்தைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன், சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். ஊர் ஊராகப் போய், அடங்காத பிள்ளைகளைச் சமாளிக்க டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதானே என் வேலை. குரலை உயர்த்தக் கூடாது, கோபப்படும் பிள்ளையை மூலை நாற்காலியில் ஆற உட்கார வைக்க வேண்டும், அது தண்டனை இல்லை என்று வாய் கிழியப் பேசுவேன். நேற்று ஒரு வகுப்பில் அதைச் செய்து காட்டப் போனேன். ஒரு வாண்டு என் வண்ண அட்டைகளைக் கிழித்துப் போட்டாள். “அறிவில்ல உனக்கு?” என்று கத்திவிட்டேன்.

வகுப்பு டீச்சர் பக்கத்தில் வந்தார். நான் சொல்லிக்கொடுத்த அதே தணிந்த குரலில், “கொஞ்ச நேரம் அந்த நாற்காலில உக்காந்துட்டு வரீங்களா மேடம்?” என்றார். போய் உட்கார்ந்தேன். சின்ன நாற்காலி, முழங்கால் மோவாயில் இடித்தது. மானமே போயிற்று. திட்டு வாங்கியவளே கிட்டே வந்து, “இங்க அழலாம் மிஸ். யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது, அதான் ரூல்” என்றாள். அந்த ரூலைப் போட்டதே நான்தான்.

அவளுக்கும் நம் குட்டி வயதுதான் இருக்கும்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால், குட்டிக்குப் பத்தாமல் போன சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கோபம் வந்தால் குட்டி நம் வீட்டில் எங்கே போய் உட்காருகிறாள்? யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா