குளிரல என்று நீ சொன்னது

இன்று காலை புது ரெயின்கோட்டை உறையிலிருந்து எடுத்து உதறினேன். தடுப்பூசிப் பெட்டியோடு வெள்ளிமலைக்கு வண்டியில் ஏறுகிற நாட்களில் எந்த வளைவில் மழை பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பழையது கிழிந்துவிட்டது. உதறியதும் ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. அதைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். புதுச்சேரியில் தகரக் கூரை போட்ட அந்த அறையில் வரிசையாகத் தொங்கிய, கடலில் முக்குளிக்கப் போடுகிற உடுப்புகளின் வாசனை அது. ஒன்றை மூக்கருகே இழுத்துப் பார்த்து, "சைக்கிள் டியூப் வாசனடி" என்று நீ முகத்தைச் சுளித்தாய்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நீ இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்காகத்தான் இந்த மடல்.

ஷீபா உனக்கும் உன் கணவருக்கும் ஒரே பிள்ளை. குளிர் தாங்காத பிள்ளை. சித்திரை வெயிலில்கூட மின்விசிறியை ஒன்றில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிற நீ, "இவ ஒடம்புல ரத்தம் ஓடுதா இல்ல மோர் ஓடுதா" என்று கேலி செய்வாய். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தோழிகளோடு வெளியே போனவள், கைவிட்டுப்போன ஒரு கல்குவாரிக் குட்டையில் கால் கழுவ இறங்கி வழுக்கி விழுந்தாள். மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள்.

எடுத்து வந்தவர் கழுத்து வரைக்கும் மூடிய கறுப்பு ரப்பர் உடுப்பு போட்டிருந்தார். பாறை மேல் உட்கார்ந்து, யாரோ கொடுத்த டீயைக் குடிக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பிள்ளையைச் சுற்றி அழுதுகொண்டிருந்தோம். நீ எழுந்து நேராக அவரிடம் போனாய்.

"இத போட்டுக்கினுமா குளிருது?"

அவர் தலை நிமிரவில்லை. "அடியில சில்லுனு இருக்குதும்மா. வெயிலே போவாத தண்ணி."

அதன்பிறகு நீ யாரையும் குறை சொல்லவில்லை. கர்த்தரைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெபம் செய்ய வந்தவர்கள் போனபிறகும், கள்ளக்குறிச்சி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாய். "அவளுக்கு ரொம்ப குளுந்திருக்குமாடி?" நான் நர்ஸ் ஆயிற்றே, எனக்குத் தெரியும் என்று நினைத்தாய். "அந்த நேரத்துல ஒண்ணும் தெரியாதுடி" என்று ஒருநாள் சொன்னேன். "நீ போயி பாத்தியா?" என்றாய். கோபமாகக் கேட்கவில்லை. மாணவர்களிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாய்.

நாற்பத்து மூன்று வயதில், கச்சிராயபாளையத்துக் கரும்புக்கொல்லைக் கிணற்றில் நீ நீச்சல் பழகினாய். அண்ணன் மேலே நின்று இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். உன் கணவரை நான் எப்போதும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கு நான் சிஸ்டர். "கத்துக்கட்டும் சிஸ்டர், தண்ணிய பாத்தா பயப்படாம இருப்பா" என்று அவர் என்னிடம் சொன்னார். நீ பயத்தைப் போக்கிக்கொள்ள இறங்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது மலையில்தான். தடுப்பூசி முடித்துத் திரும்பும் வழியில் அருவி பார்க்க வேண்டும் என்று ஒருமுறை என்னோடு வந்தாய் அல்லவா? மார்கழி மாதம். மற்றவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடிவர, நீ மட்டும் நின்றுகொண்டே இருந்தாய். கூப்பிட்டேன், நீ திரும்பிப் பார்க்கவில்லை. சேலையோடு உள்ளே வந்து கையைப் பிடித்து இழுத்தேன். உன் விரல்கள் சுண்ணாம்பில் தோய்த்ததுபோல் வெளுத்திருந்தன. கால் மணி நேரம் தேய்த்த பிறகுதான் ரத்தம் திரும்பியது.

"பாத்துக்கினு இருந்தேன்டி, எவ்ளோ நேரம் தாங்கலாம்னு" என்றாய். உன் பல் அடித்துக்கொண்டது.

பொங்கல் விடுமுறைக்குக் கடலுக்குள் முக்குளிக்கப் போகலாம் என்று நீ சொன்னபோது எனக்கு அந்த விரல்கள்தான் கண்ணில் வந்தன. புதுச்சேரியில் கற்றுத்தருகிற தம்பி ஒருவரின் எண்ணை நீயே கண்டுபிடித்திருந்தாய். நீச்சல் தெரிந்தால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். உயரம், எடை, உடம்பு விவரமெல்லாம் கேட்டு அனுப்பியிருந்தார். கூடவே குரல் பதிவில் ஒரு கேள்வி: எத்தனை எம்.எம். தடிமனில் உடுப்பு வேண்டும்?

உங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே அவரைக் கூப்பிட்டோம். "ஒன்றரை இருக்கு, மூணு இருக்கு, அஞ்சு இருக்குங்கக்கா. உள்ள கொஞ்சம் தண்ணி போவும். அந்தத் தண்ணிய நம்ம ஒடம்பே சூடாக்கிக்கும். கெட்டியா இருந்தா அந்தச் சூடு வெளிய போவாது. மழை முடிஞ்ச நேரம், கடல் கொஞ்சம் குளிருது. பொதுவா மூணு போதும். நீங்க ஒல்லின்னு எழுதியிருக்கீங்க. அஞ்சு போட்டா நல்லது."

"எதுவுமே போடாம எறங்கலாமா?" என்று கேட்டாய்.

"வேணாங்கக்கா. சொறிமீன் உரசுனா தோலு எரியும்."

"அப்ப இருக்கறதிலயே கம்மியானத குடுங்க. ஒன்றரை."

போனை வைத்ததும் நான் சண்டை போட்டேன். அருவியில் நடந்ததைச் சொன்னேன். கடல் வேறு, குவாரித் தண்ணீர் வேறு, அங்கே போய் என்ன தெரியப்போகிறது என்றேன். நீ அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அந்த எடத்துக்கு என்ன யாரு வுடுவாங்க? தண்ணிக்கு அடியில எப்பிடி இருக்கும்னு ஒரு வாட்டி தெரியணும். கெட்டி சட்டைய போட்டுக்கினு போயி நான் இன்னாத்த தெரிஞ்சிக்கறது?"

மறுநாள் வேலைக்கு நடுவே, மலை மேல் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறையருகே வண்டியை நிறுத்தி அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். உன் விரல்கள் வெளுப்பதைச் சொன்னேன். ஷீபாவைச் சொன்னேன்.

"அஞ்சையே குடுங்க தம்பி. ஒன்றரைன்னு சொல்லிக் குடுங்க."

"அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

"இதுக்கு முன்ன பாத்ததில்ல."

இதுதான் நான் உன்னிடம் சொல்லாதது. ஐந்து எம்.எம். உடுப்பைத்தான் நீ அன்று போட்டிருந்தாய்.

தடிமன் எண் தேய்ந்துபோன ஒன்றைத் தேடி எடுத்துவைத்திருந்தார் அந்தத் தம்பி. அதற்குள் நுழைய நீ பட்ட பாடு. ஒரு காலை இழுத்து ஏற்றுவதற்குள் வியர்த்துவிட்டது. "மெல்லிசே இப்பிடி இருந்தா கெட்டி எப்பிடி இருக்கும்" என்றாய். நான் உன் முதுகுப்பக்கம் நின்று ஜிப்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதனால் என் முகம் உனக்குத் தெரியவில்லை.

படகில் இடுப்புப் பட்டை கட்டும்போது, உன் பட்டையில் ஈயக்கட்டிகள் அதிகமாகக் கோத்திருப்பதைப் பார்த்தாய். உடுப்பு கெட்டியாக இருந்தால் ஆளை மேலே தூக்கும். அதற்காகத்தான் கூடுதல் எடை. "எனக்கு மட்டும் இன்னா ஜாஸ்தி?" என்று கேட்டாய். அந்தத் தம்பிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஒல்லியா இருக்கறவங்க மெதப்பாங்கக்கா" என்றார். கொழுப்புதான் மிதக்கும் என்று தெரிந்த அறிவியல் டீச்சரிடம் போய் அதைச் சொன்னார். நீ அவரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டாய். உனக்கு அப்போதே தெரிந்துவிட்டதா? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை.

நான் படகிலேயே இருந்தேன். முப்பத்தைந்து நிமிடம். குமிழ்கள் வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்ததும் முதலில் உன் கையைப் பிடித்து விரல்களைத்தான் பார்த்தேன். சிவப்பாக இருந்தன. நீ அழுதுகொண்டிருந்தாய். படகின் விளிம்பில் சாய்ந்து மூச்சு வாங்கியபடி சொன்னாய்:

"குளிரலடி. கொஞ்சங்கூட குளிரல. பச்சையா, அமைதியா இருக்குது. அவளுக்கும் குளுந்திருக்காது."

அப்போதே சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வருடமாகப் பார்க்காத முகம்.

அதற்குப் பிறகு நீ அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஷீபாவின் துணிகளைத் தியாகதுருகத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாய். பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகளோடு மேடையேறினாய். என் வீட்டுக்கு வந்தால் மறுபடியும் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அண்ணன் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடலுக்குக் கூட்டிக்கினு போனீங்களே சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியம்" என்றார். அவர் கும்பிட்டபோது என் உடம்பு கூசியது.

பிறகு அந்தக் கார்த்திகை மாதம். ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். நான் மலையில் இருந்தேன். இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை வருடம் எத்தனையோ பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தவள், உனக்கு ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது அண்ணன் என் பக்கத்தில் நடந்துவந்தார். எதையோ கேட்க நினைப்பது தெரிந்தது. வேலியருகே நின்றுவிட்டார்.

"கடலுக்குள்ள குளிரலன்னு சொன்னாளே. அது நெசந்தானே சிஸ்டர்?"

"நெசந்தாண்ணா."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தேன். தை மாதம் வந்ததும் தனியாகப் புதுச்சேரிக்குப் போனேன். எனக்கு நீச்சல் அரைகுறை. அந்தத் தம்பி முதலில் மறுத்தார். நீ போய்விட்டதைச் சொன்னதும் உள்ளே போய் ஒன்றரை எம்.எம். உடுப்பை எடுத்துவந்தார். கையில் பனியன்போல் லேசாக இருந்தது. அதே இடம், கிட்டத்தட்ட அதே ஆழம்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பிடரியில் ஆரம்பித்தது. முதுகுத்தண்டு வழியாக இறங்கி விலாவுக்குள் போனது. வாயில் கடித்திருந்த குழாயோடு பல் தட்டிக்கொண்டது. அந்தத் தம்பி மேலே போகலாமா என்று சைகை காட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று இருந்தேன். அருவிக்கடியில் நீ நின்றது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ பதிலைத் தேடி வந்ததாக நான் நினைத்திருந்தேன். உனக்கு ஒரு தடவையாவது அவளோடு நடுங்க வேண்டியிருந்தது. பெற்றவளின் அந்த ஆசைக்குக் குறுக்கே ஐந்து எம்.எம். தடிமனில் ரப்பரைப் போட்டவள் நான்.

அதைச் செய்யாமல் இருந்திருந்தால் நீ அந்தப் பத்து மாதம் சிரித்திருப்பாயா என்றும் கேட்டுக்கொள்கிறேன். சில நாள் செய்தது சரி என்று படுகிறது. சில நாள் உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. இன்று மன்னிப்புக் கேட்கிற நாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணன் எனக்குப் போன் செய்கிறார். கரும்பு வெட்டு, மழை, முட்டிவலி என்று பேசுவார். வைப்பதற்கு முன் ஏதாவது ஒரு சாக்கில் அங்கேதான் வந்து நிற்பார். "குளிரலன்னு சொன்னா இல்ல?" "ஆமாண்ணா, குளிரல." போன வாரமும் சொன்னேன். இனிமேல் அவர் எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். குளிர்ந்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும்.